கேள்வி – பதில்: எங்கள் ஊர் ஏணியில் எந்தப் படி?

ஊர் மக்கள் எந்த அளவுக்கு நிம்மதியாக இருக்கிறார்கள் என்று கேட்டறிந்து, அதை வைத்துச் சாலை, குளம், சந்தை, பேருந்து வேலைகளைத் திட்டமிடுவது பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். நகர்ப்புறத் திட்டமிடலும் கணக்கெடுப்பும் அறிந்தவர்கள் பதில் தருகிறார்கள்.

எங்கள் பேரூராட்சியில் 18 வார்டு, சுமார் 5,000 வீடு. அடுத்த பட்ஜெட்டுக்கு முன்னால் மக்களின் மகிழ்ச்சியை அளந்துவிட்டு வேலைகளை முடிவு செய்யலாம் என்று நினைக்கிறோம். மகிழ்ச்சியை அளக்க முடியுமா? என்னதான் கேட்பது?
– பேரூராட்சி உறுப்பினர், திருவட்டார் வட்டம்

முடியும். ஆனால் நேரடியாக "மகிழ்ச்சியா இருக்கீங்களா?" என்று கேட்காதீர்கள். நம் பக்கத்தில் அதற்கு வரும் பதில் "ஏதோ போகுது" அல்லது "கடவுள் புண்ணியத்துல குறை ஒண்ணும் இல்ல" என்பதுதான். நன்றாக இருக்கிறோம் என்று வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை, கேள்விதான் அவர்களுக்குப் பொருந்தவில்லை.

ஏணிக் கேள்வி இதற்கு நன்றாக உதவும். 1965-இல் ஹேட்லி கேன்ட்ரில் என்பவர் வகுத்தது. உலக மகிழ்ச்சி அறிக்கை 2012 முதல் நாடுகளை வரிசைப்படுத்துவதும் இதை வைத்துத்தான். 0 முதல் 10 வரை படி உள்ள ஏணிப் படம் ஒன்றை அட்டையில் பெரிதாக அச்சிட்டுக் கையில் கொடுங்கள். "மேல்படி உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை. கீழ்ப்படி மிக மோசமான வாழ்க்கை. இன்றைக்கு நீங்கள் எந்தப் படியில் நிற்பதாக நினைக்கிறீர்கள்? விரல் வைத்துக் காட்டுங்கள்." எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட விரல் வைப்பார். எண்ணை மட்டும் வாயால் கேட்டால் பரீட்சை மார்க் நினைப்பு வந்து, 'பாஸ்' ஆனால் போதும் என்று நடுவில் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.

இதோடு இன்னும் இரண்டு கேள்வி போதும். "நேற்று முழுக்க எந்த அளவுக்கு நிம்மதியாக இருந்தீர்கள்?", "நேற்று எந்த அளவுக்கு மனக்கவலை இருந்தது?" இரண்டுக்கும் 0 முதல் 10. பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2011 முதல் கேட்டுவரும் நான்கு கேள்விகளில் 'நேற்று' பற்றியவை இரண்டு உண்டு. ஏணி வாழ்க்கை முழுவதையும் நினைக்க வைக்கும். 'நேற்று' அன்றாடத்தைப் பிடிக்கும். தெருவிளக்கு எரியாததும் தண்ணீர் வராததும் முதலில் தெரிவது 'நேற்று' கேள்வியில்தான்.

இந்த மூன்றையும் முதலில் கேட்டுவிட வேண்டும். சாக்கடை, குப்பை, கவுன்சிலர் என்று கேட்டுவிட்டு ஏணிக்கு வந்தால் ஆள் எரிச்சலில் இரண்டு படி இறங்கி நிற்பார். அமெரிக்காவில் ஒரு பெரிய கருத்துக்கணிப்பில் அரசியல் கேள்விகளை முன்னால் வைத்ததால் மட்டுமே சராசரி அரைப்படிக்கு மேல் சரிந்ததைப் பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் கண்டுபிடித்தார்.

அதன் பிறகு ஊரைப் பற்றிய பன்னிரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். அவை எண்ணிச் சொல்லக் கூடியவையாக இருக்கட்டும். 'தண்ணீர் வசதி திருப்தியா?' என்பதை விட "கடந்த 7 நாளில் எத்தனை நாள் குழாயில் தண்ணீர் வந்தது?" மேல். 'பாதுகாப்பு எப்படி?' என்பதை விட "இருட்டிய பிறகு பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் தனியாக நடந்து வருவீர்களா?" மேல். வேலைக்கோ பள்ளிக்கோ போய்வர எத்தனை நிமிடம், வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் நிழலில் உட்கார இடம் உண்டா, அவசரத்துக்கு ராத்திரியில் கூப்பிட்டால் வரக்கூடிய அக்கம்பக்கத்தார் எத்தனை பேர் – இவற்றையும் சேருங்கள். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஆபத்துக்கு நம்பிக்கூப்பிட ஆள் இருப்பது, வருமானத்துக்கு நிகராக மனநிறைவோடு சேர்ந்து வருவதை நாட்டுக்கு நாடு காண்கிறோம்.

அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு வேலை. ஒவ்வொரு ஊர்க் கேள்விக்கும் நேரே, "இதற்கு விடை மோசமாக வந்தால் பேரூராட்சி எதைச் செய்யும்?" என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாத கேள்வியை அடித்துவிடுங்கள். பஸ் நேரம் உங்கள் கையில் இல்லை. ஆனால் போக்குவரத்துக் கழகத்துக்கு எண்களோடு மனு போடலாம், ஆகவே அது இருக்கலாம். 'கல்யாண வாழ்க்கை எப்படி?' என்பதற்குப் பேரூராட்சியால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

எத்தனை வீட்டில் கேட்க வேண்டும்? எந்த வீடு என்று எப்படித் தீர்மானிப்பது?
– அதே வாசகர்

400 பேரிடம் முழுமையான பதில் கிடைத்தால் போதும். பத்துப் படி ஏணியில் பதில்கள் பெரும்பாலும் இரண்டு படி அளவுக்கு விலகிப் பரவியிருக்கும். அந்தக் கணக்கில் 400 பேரின் சராசரி பெரும்பாலும் 0.2 படிக்கு மேல் பிசகாது. விழுக்காட்டுக் கணக்கு என்றால் 5 புள்ளிக்கு உள்ளே. ஒரே மூலையில் பத்துப் பத்து வீடாகக் கேட்டால் அக்கம்பக்கத்தார் பதில்கள் ஒன்றுபோல வந்து பிசகு கூடும். ஆகவே ஊர் முழுக்கப் பரப்புங்கள்.

பூட்டிய வீடும் மறுப்பும் ஐந்தில் ஒன்று இருக்கும் என்று வைத்து 500 வீட்டைத் தேர்ந்தெடுங்கள். 5,000 வீட்டில் 500 என்றால் பத்துக்கு ஒன்று. 1 முதல் 10 வரை சீட்டு எழுதிக் குலுக்கி ஒன்றை எடுங்கள். 7 வந்தால் 7, 17, 27 என்று போக வேண்டும். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் ஏறக் கூடாது; வேறு வேறு நேரத்தில் மொத்தம் மூன்று தடவை போய்ப் பார்க்க வேண்டும். எப்போதும் திறந்திருக்கும் வீடுகளையே எடுத்தால் வேலைக்குப் போகிறவர்கள் விடுபட்டுப் போவார்கள்.

நம் மாவட்டத்தில் பலரும் தவறுவது இங்கேதான். 'தெருவில் பத்தாவது வீடு' என்ற விதி கடற்கரை ஊர்களில் செல்லும். திருவட்டார், விளவங்கோடு பக்கம் வீடுகள் விளைக்குள் (தோட்டத்துக்குள்) தள்ளித் தள்ளி இருக்கும். சாலையோரமாகவே நடந்தால் உள்விளை வீடுகள் மொத்தமும் விடுபடும். பாதை வசதி இல்லாதவர்களே அங்கேதான் இருக்கிறார்கள். சொத்து வரிப் பதிவேட்டை மட்டும் நம்பினால் புறம்போக்கு வீடுகள் வராது. செயற்கைக்கோள் படத்தில் கூரைகளுக்கு எண் போட்டு, வரிப் பதிவேட்டோடு ஒப்பிட்டு ஒரே பட்டியலாக்குங்கள். ஒரு வார்டுக்கு ஒரு நாள் பிடிக்கும் வேலை. அதைச் செய்யாமல் விட்டால் மற்ற எல்லாம் வீண்.

வீட்டுக்குள் யாரிடம் கேட்பது என்பதையும் குலுக்கலே சொல்லட்டும். 18 வயது நிறைந்தவர்கள் பெயரைச் சீட்டில் எழுதி ஒன்றை எடுங்கள். திண்ணையில் இருக்கும் அப்பச்சியிடமே எல்லா வீட்டிலும் கேட்டுவிடக் கூடாது.

ஒரு பேட்டிக்கு 15 நிமிடம், நடையும் காத்திருப்பும் சேர்த்து ஒருவர் ஒரு நாளில் 10 வீடு பார்ப்பார். எட்டுப் பேர் வந்தால் ஒரு வாரம். கோபோ டூல்பாக்ஸ் போன்ற இலவசச் செயலிகள் இணையம் இல்லாமலும் பதிவு செய்யும் என்பதால் பேச்சிப்பாறை, கடையால் பக்கம் சிக்னல் இல்லை என்ற கவலை வேண்டாம். அந்தந்த வார்டுக்காரரை அந்தந்த வார்டுக்கு அனுப்பாதீர்கள். தெரிந்த முகத்திடம் மனம் திறக்க மாட்டார்கள். கேரள எல்லையோர ஊர்களில் மலையாளக் கேள்வித்தாளும் கையில் இருக்கட்டும்.

பகலில் வந்து கேட்டால் எங்கள் ஊரில் பெண்களும் வயதானவர்களும்தான் இருப்பார்கள். அதை வைத்து 'குளச்சல் மக்கள் கருத்து' என்று எழுதலாமா?
– வாசகர், குளச்சல்

எழுதக் கூடாது. இந்த மாவட்டத்தில் நாளும் நேரமும் தொழிலுக்குத் தொழில் மாறும்.

மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் வரும், குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் மேற்குக் கரைக் கணக்கில். விசைப்படகில் போகிறவர்கள் கரையில் இருக்கும் காலம் அதுதான், கையில் காசு இல்லாத காலமும் அதுவே. அப்போது கேட்டால் ஆள் கிடைப்பார், ஏணியில் கீழே நிற்பார். தூத்தூர் வட்டார ஆழ்கடல் மீனவர்கள் ஒரு தடவை போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்கள் விடியும் முன்னே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், மதியத்துக்கு மேல்தான் வீட்டில் இருப்பார்கள். பெருமழைக் காலத்தில் வெட்டு நின்று வருமானமும் நிற்கும். முந்திரி ஆலைப் பெண்களை மாலை ஆறு மணிக்கு மேல்தான் பார்க்க முடியும்.

அதனால் ஒரே வாரத்தில் முடிக்கும் ஆசையை இங்கே விட்டுவிடுங்கள். 400 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, தடைக்காலத்தில் ஒரு சுற்று, தொழில் நடக்கும் காலத்தில் ஒரு சுற்று என்று கேளுங்கள். பிப்ரவரி அதற்கு நல்ல மாதம். ஆனால் மண்டைக்காடு கொடை, ஊர்த் திருவிழா, கோட்டாறு சவேரியார் திருவிழா நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். விழா வாரத்தில் 'நேற்று நிம்மதியா' என்ற கேள்விக்கு எல்லாரும் பத்தே போடுவார்கள். ஞாயிறு மதியம் கடற்கரை ஊர்களில் ஆண்களைப் பார்க்க ஏற்ற நேரம்.

அப்படியும் 280 பெண், 120 ஆண் என்று முடிந்தால், சராசரி போடும்போது எடை கொடுங்கள். ஊரில் இரு பாலரும் பாதிப் பாதி என்றால் ஒவ்வொரு பெண்ணின் பதிலையும் 0.71-ஆலும் (200/280), ஆணின் பதிலை 1.67-ஆலும் (200/120) பெருக்கிக் கூட்டி 400-ஆல் வகுக்க வேண்டும். ஆனால் அந்த 120-இல் கடலுக்குப் போகிறவர் ஒருவர்கூட இல்லாவிட்டால் எந்த எடையும் அவர் குரலைக் கொண்டுவராது.

எங்கள் மாணவர்கள் கூகுள் படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி 600 பதில் வாங்கினார்கள். சராசரி 7.4. வெளியிடலாமா?
– கல்லூரி ஆசிரியர், மார்த்தாண்டம்

'படிவம் சென்ற குழுக்களின் சராசரி' என்று வேண்டுமானால் வெளியிடலாம். ஊரின் சராசரி என்று சொல்ல முடியாது. தானாக வந்த 600-ஐ விடக் குலுக்கலில் தேர்ந்த 150 மதிப்பு மிக்கது. அந்த உழைப்பு வீணாக வேண்டியதில்லை. படிவத்தின் கடைசியில் "உங்கள் தெருவில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை?" என்று கேட்டிருந்தால், அந்தப் பதில்களைப் பொறுக்கி அடுத்த கேள்வித்தாளுக்குப் பயன்படுத்துங்கள்.

எங்கள் வார்டு 6.1, பக்கத்து வார்டு 6.6 என்று ஒரு கணக்கெடுப்பில் வந்தது. 'உங்க வார்டுதான் கடைசி' என்று கேலி பேசுகிறார்கள். வார்டுக்கு 50 பேரிடம் கேட்டார்கள்.
– வாசகி, நாகர்கோவில்

கேலிக்கு இடமே இல்லை. வார்டுக்கு 50 பேர் என்றால் இரண்டு வார்டுக்கும் இடையே ஏறத்தாழ 0.8 படி வித்தியாசம் வரை தற்செயலாகவே வரலாம். 6.1-க்கும் 6.6-க்கும் உள்ளது அரைப்படிதான். நாளையே வேறு 50 வீட்டில் கேட்டால் வரிசை தலைகீழாகலாம். 52 வார்டு உள்ள மாநகராட்சியில் எல்லா வார்டையும் தரவரிசைப்படுத்த வேண்டுமானால் ஆயிரக்கணக்கில் பேட்டி எடுக்க வேண்டும். அந்தப் பணத்தில் நாலு வாய்க்காலைத் தூர் வாரிவிடலாம்.

வார்டுகளை ஒன்றோடொன்று மோதவிடுவதை விட்டு, ஒரே தன்மையுள்ள பகுதிகளாகச் சேருங்கள்: சந்தை, பஸ் நிலையம் சுற்றிய பகுதி, குளக்கரைப் பகுதி, புதிதாக மனை பிரித்த பகுதி, குப்பைக் கிடங்கை ஒட்டிய பகுதி. ஒவ்வொன்றிலும் 100–150 பேர் கிடைப்பார்கள்.

சராசரியையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஏணியில் 4-ஆம் படியோ அதற்குக் கீழோ நிற்பவர்கள் எங்கே இருக்கிறார்கள், அவர்களுக்குப் பொதுவாக என்ன இல்லை என்று பாருங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு பகுதியில் 100-க்கு 12 பேர் கீழ்ப்படியில் இருக்க, இருட்டியபின் தனியாக நடக்க முடியாது என்று சொன்ன பெண்களில் மட்டும் 100-க்கு 30 பேர் அங்கே இருந்தால், பூங்காவுக்கு முன் விளக்குதான் வேலை. விளக்கு இல்லாததால்தான் கவலை என்று இது நிரூபித்துவிடாது. எங்கே போய் நின்று பார்க்க வேண்டும் என்று காட்டும். இரவு எட்டு மணிக்கு அந்தத் தெருவில் நடந்து பார்த்துவிட்டு எஸ்டிமேட் போடுங்கள்.

பூட்டானில் 33 குறியீடு வைத்து அளக்கிறார்களே, நமக்கும் அது வேண்டுமா? நம் நாட்டில் இப்படி எதுவும் இல்லையா?
– வாசகர், தக்கலை

பூட்டானின் மொத்த தேசிய மகிழ்ச்சிக் கணக்கில் 9 துறை, 33 குறியீடு. ஒரு நாட்டின் கொள்கைக்கு அது சரி. ஒருவரிடமே மணிக்கணக்கில் கேட்க வேண்டியிருக்கும். பேரூராட்சிக்குத் தாங்காது. அமெரிக்காவில் சாமர்வில் என்ற சிறு நகரம் 2011-இல் தன் வழக்கமான குடியிருப்போர் கணக்கெடுப்புப் படிவத்திலேயே மகிழ்ச்சிக் கேள்விகளைச் சேர்த்து அனுப்பியது. நம் அளவுக்கு ஒத்துவருவது அந்த வழிதான்.

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் 'வாழ்வதற்கு எளிமை' குறியீடு 111 நகரங்களை மதிப்பிட்டது. அதில் 30 விழுக்காடு மக்களிடம் கேட்ட கருத்துக்கு. மத்தியப் பிரதேசம் 2016-இல் மகிழ்ச்சிக்கென்றே ஒரு துறை தொடங்கியது. பெருநகரங்களுக்கான குறியீடு பேரூராட்சியை எட்டிப்பார்க்காது. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் 100-க்கு 82 பேர் நகர்ப்புறத்தார். அதில் பெரும்பங்கு பேரூராட்சிகளில். நம் அளவுகோலை நாமே செய்துகொள்ள வேண்டியிருப்பது அதனால்தான்.

குப்பைக் கிடங்கை ஒட்டி இருக்கிறவர்களும் ஏணியில் 7 காட்டுகிறார்கள். அப்படியானால் அங்கே பிரச்சினை இல்லையா?
– வாசகி, நாகர்கோவில்

பிரச்சினை இருக்கிறது, மனசு பழகிவிட்டது. வாடையைத் தாங்க முடியாதவர்கள் முன்பே வீடு மாறியிருப்பார்கள். வசதியில்லாதவர்கள் மட்டும் மிஞ்சியிருப்பார்கள். இவர்களின் 7-ஐக் காட்டிக் கிடங்கை அங்கேயே வைத்துக்கொள்வது கொடுமை.

அந்த இடங்களில் செய்கையைக் கேளுங்கள். "நேற்று ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினீர்களா?" "கடந்த 7 நாளில் எத்தனை நாள் துணியை வீட்டுக்குள் காயப்போட்டீர்கள்?" "வீட்டில் யாருக்காவது இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் உண்டா?" மனம் பழகினாலும் ஜன்னல் பொய் சொல்லாது. கூடவே அளக்கக் கூடியதை அளந்துவிடுங்கள். குடியிருப்புப் பகுதியில் சத்தத்துக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45. கைப்பேசிச் செயலி துல்லியமாக இருக்காது. ஆனால் ஒரே கைப்பேசியால் பத்து இடத்தில் அளந்தால் எது மோசம் என்று தெரிந்துவிடும்.

எங்கள் ஊர்க் குளத்தில் பாதியை நிரப்பிக் கடையும் பார்க்கிங்கும் கட்டினால் பெரும்பாலானவர்களுக்குச் சந்தோஷம்தான். மக்கள் சந்தோஷம்தான் அளவுகோல் என்றால் கட்ட வேண்டியதுதானே?
– வாசகர், தோவாளை வட்டம்

கூடாது. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

கேள்வித்தாள் இன்றைக்கு இங்கே இருக்கும் 18 வயது நிறைந்தவர்களிடம் மட்டும்தான் பேசுகிறது. அடுத்த தலைமுறையிடமும் வாய்க்காலின் கீழ்க்கோடியில் வயல் வைத்திருப்பவரிடமும் பேசவில்லை. ஒரு ஏக்கர் குளத்தில் ஓரடி நீர் நின்றால் 12.3 லட்சம் லிட்டர். ஐந்து ஏக்கரில் நாலடி நின்றால் சுமார் 2.46 கோடி லிட்டர். நகரத்துக்கு ஆளொன்றுக்கு நாள் ஒன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவில் பார்த்தால், 500 பேருக்கு ஓராண்டுக்கான அளவு. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. தென்மேற்கிலும் வடகிழக்கிலும் குளம் நிறையும். பாதியை நிரப்பினால் அந்தத் தண்ணீர் எங்கேயும் மறைந்துவிடாது. மறுகாலில் (குளம் நிறைந்து மிகுந்த நீர் வெளியேறும் வழியில்) முன்னதாகவே பாய்ந்து கீழே உள்ள வீடுகளுக்குள் போகும். 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த மாவட்டம் இது. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலமும் வேம்பனூரும் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. குளங்கள் ஒன்றோடொன்று சானல் (கால்வாய்) வழியே தொடுத்துக் கிடக்கும் ஊரில் ஒன்றை மட்டும் தனியாகப் பார்க்க முடியாது.

ஆகவே கணக்கெடுப்புக்கு முன்பே ஒரு கோடு போட்டுவிடுங்கள். குளம், கால்வாய், நெல்வயல், கடலோர மணல்மேடு ஆகியவற்றைத் தொடும் எந்த யோசனையும் கேள்வித்தாளில் தெரிவாகவே வரக் கூடாது. 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு குளங்கள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு உள்ளே எதைச் செய்தால் மக்கள் நிம்மதி கூடும் என்று தேடுவதுதான் வேலை. 2006-இல் வந்த 'மகிழ்ச்சியான புவி' குறியீடு, மனநிறைவையும் ஆயுளையும் பூமியின் வளத்தில் எவ்வளவு செலவழித்தார்கள் என்பதோடு சேர்த்துக் கணக்கிடுகிறது. அதில் பணக்கார நாடுகள் பல பின்னுக்குப் போக, கோஸ்டாரிகா திரும்பத் திரும்ப முதலிடத்துக்கு வந்தது.

உங்கள் ஊரிலேயே 'பார்க்கிங் வேண்டும்' என்றவர்களிடம் இன்னொன்றைக் கேட்டுப் பாருங்கள்: "சாயங்காலம் அரை மணி நேரம் சும்மா இருக்க எங்கே போவீர்கள்?" குளக்கரை என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணுங்கள். கடைக்கு இடம் சந்தைப் பகுதியில் தேடலாம். குளக்கரைக்கு வேறு இடம் இல்லை.

குளக்கரையில் நடைபாதை போடப் போகிறார்கள். அதனால் நிம்மதி கூடியதா என்று பிறகு எப்படிக் காட்டுவது?
– வாசகர், பூதப்பாண்டி

வேலை தொடங்கும் முன்பே முதல் சுற்று எடுத்தாக வேண்டும். பாதை போட்டபின் "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள்.

குளத்திலிருந்து 400 மீட்டருக்குள் 200 வீடு. நடைபாதை வராத, அதே மாதிரியான வேறொரு குளத்தைச் சுற்றி 200 வீடு. ஓராண்டு கழித்து அதே மாதத்தில் அதே வீடுகளில் அதே ஆட்களிடம் கேளுங்கள். ஜனவரியில் முதல் சுற்று எடுத்துவிட்டு ஜூலையில் இரண்டாவது எடுத்தால் மழையையும் வருமானத்தையும்தான் அளந்திருப்பீர்கள். ஆட்களை மாற்றினால் 0.4 படிக்குக் குறைவான மாற்றம் கண்ணில் படாது. அதே ஆட்கள் என்றால் 0.25 படி வரை பிடிபடும். இங்கே அரைப்படி கூடி, அந்தக் குளத்திலும் அரைப்படி கூடியிருந்தால் காரணம் நடைபாதை இல்லை, விளைச்சலோ விலையோ வேறு எதுவோ. முதல் மூன்று மாதப் புதுமையையும் நம்ப வேண்டாம்; புதிதாக வந்ததில் கிடைக்கும் மகிழ்ச்சி சீக்கிரம் தேயும். ஓராண்டுக்குப் பின்னும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் எத்தனை பேர் நடக்கிறார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று ஒரு வாரம் நின்று எண்ணினால் கேள்வித்தாளுக்கு அது நல்ல சாட்சி.

அலுவலக வாசலில் சிரித்த முகம், அழுத முகம் பொத்தான் வைத்தால் போதாதா?
– வாசகர், குழித்துறை

அந்தக் கவுன்டரில் வேலை நடந்ததா என்று தெரியும், வாழ்க்கை எப்படி என்று தெரியாது. அலுவலகத்துக்கே வர முடியாதவர் எந்தப் பொத்தானையும் அழுத்த மாட்டார்.

பதில் சொன்னவர் பெயர் வெளியே போகாமல் இருக்க என்ன செய்வது? பிள்ளைகளிடமும் கேட்கலாமா?
– வாசகி, கொல்லங்கோடு

பெயரும் வீட்டு எண்ணும் ஒரு தாளில், பதில்கள் வேறு தாளில், இரண்டையும் இணைப்பது ஒரு குறி எண் மட்டும். முதல் தாள் ஒரே ஒருவர் பொறுப்பில் பூட்டி இருக்கட்டும். அடுத்த சுற்று முடிந்ததும் அழித்துவிடுங்கள். பத்துப் பேருக்குக் குறைவான எந்தக் குழுவின் எண்ணையும் தனியாக வெளியிடாதீர்கள். சின்ன ஊரில் 'விதவைப் பெண்கள், 3 பேர்' என்று போட்டால் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் குழந்தைகள் என்கிறது, பெற்றோர் ஒப்புதல் கட்டாயம். பிள்ளைகளுக்கு ஏணி வேண்டாம். பள்ளிக்கு வரும் வழியைப் படமாக வரையச் சொல்லி, பயப்படும் இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். முப்பது படத்தில் ஒரே வளைவில் சிவப்பு விழுந்தால் அந்த வளைவில் வேகத்தடையும் விளக்கும் போட்டுவிட வேண்டியதுதான்.